கம்பனியை மூடலாம், கணக்கை மூட முடியாது



பிரட்டுக்களத்தில் இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது. கம்பனி மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?" சம்பள உயர்வு கேட்டால் இதுதான் பதில். சேமலாப நிதி பாக்கியைக் கேட்டாலும் இதுதான் பதில். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று சொன்னாலும் இதுதான் பதில். கேட்டுக் கேட்டு நம்மில் சிலரே இதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். கம்பனி செத்தால் கடனும் செத்தது என்று எண்ணி வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இது பொய். கம்பனி மூடப்படும் நாளில் தொழிலாளிக்குச் சட்டம் சில உரிமைகளைத் தருகிறது. அவை சிறியவை அல்ல. அதே சட்டத்தில் சில ஓட்டைகளும் இருக்கின்றன. அரசாங்கமும் தனியாரும் சேர்ந்து நடத்தும் தொழிலில் அந்த ஓட்டைகள் இன்னும் பெரிதாகின்றன. உரிமை எங்கே இருக்கிறது, ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடுவான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

கூட்டு யாருக்கு?

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. ஸ்டேர்லிங் கம்பனிகள் நட்டஈடு வாங்கிக்கொண்டு போயின. மலையை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பசியும் விரட்டலும்தான். கண்டி மாவட்டத்தின் பழைய குடும்பங்களைக் கேட்டால் கூட்டுறவு என்றும் குடியேற்றம் என்றும் பெயர் சூட்டி நடந்த அந்தக் காலத்தின் கதை இன்றும் வரும்.

பிறகு 1992 ஜூன் மாதம் வந்தது. ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருந்த பெரும்பாலான தோட்டங்களைப் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரித்தார்கள். காணி அரசுக்கே சொந்தம். கம்பனிக்கு 53 வருடக் குத்தகை. முதலில் முகாமை மட்டும் தனியாருக்குப் போனது. 1995க்குப் பிறகு 51 வீதப் பங்குகளும் விற்கப்பட்டன. தொழிலாளர்களுக்கு என்று 10 வீதப் பங்கு ஒதுக்கினார்கள். 'தங்கப் பங்கு' என்ற ஒரு விசேட பங்கு திறைசேரிச் செயலாளரின் பெயரில் இருக்கிறது. முக்கியமான மாற்றங்களுக்கு அந்தப் பங்குக்காரரின் சம்மதம் வேண்டும்.

ஆகவே நம் தோட்டக் கம்பனி அரசும் முதலாளியும் சேர்ந்து செய்த ஒரு கூட்டு வியாபாரம். இதில் இலாபத்துக்குப் பங்காளிகள் உண்டு. குத்தகைப் பணத்துக்கு அரசு உண்டு. முகாமைக் கட்டணத்துக்கு முகாமைக் கம்பனி உண்டு. கொழுந்து எடுத்த இருபத்தைந்து வருடச் சேவைக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டால் மட்டும் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். அரசாங்கத்திடம் போனால் "அது கம்பனியின் பொறுப்பு" என்கிறார்கள். கம்பனியிடம் போனால் "காணி அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்" என்கிறார்கள். உழைப்பை வாங்கும்போது இருவர், கடனைக் கொடுக்கும்போது எவரும் இல்லை.

கண்டிக்கு மிஞ்சியது

1992இல் தனியாருக்குப் போகாமல் மிஞ்சிய தோட்டங்கள் பெரும்பாலும் நம் பக்கத்திலேதான். கண்டி நகரத்துக்கு மேலே ஹந்தானை, தெல்தோட்டைப் பக்கம் கிரேட்வெலி, லூல்கந்துர என்று ஜனதா சபையின் தோட்டங்கள். அவற்றோடு அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் தோட்டங்கள், கண்டி மாத்தளை மாவட்டங்களில் எல்கடுவ பிளான்டேஷன் கம்பனியின் தோட்டங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இந்த நாட்டின் முதல் வர்த்தகத் தேயிலையை 19 ஏக்கரில் நட்டது லூல்கந்துரவில். அந்த முதல் தேயிலையைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். ஹந்தானைத் தொழிற்சாலையில் தேயிலை நூதனசாலையும் இருக்கிறது.

இந்த மூன்று அரச நிறுவனங்களும் தொழிலாளரின் சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் வருடக் கணக்காகக் கட்டாமல் வைத்திருந்த கதை பாராளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்டது. சம்பளச் சீட்டில் 8 வீதம் கழித்திருப்பார்கள். கழித்த காசு நிதியத்துக்குப் போயிராது. ஓய்வு பெற்ற பெண்கள் பணத்துக்காக அலைந்து அலைந்து, கையில் வாங்காமலே கண் மூடியதும் உண்டு.

இந்தத் தோட்டங்களை முதலீட்டாளரோடு கூட்டுச் சேர்ந்து நடத்துவோம், நீண்ட குத்தகைக்குக் கொடுப்போம் என்ற பேச்சு அரசாங்கம் மாறினாலும் மாறுவதில்லை. எந்த முதலீட்டாளர், எத்தனை ஏக்கர், எத்தனை வருடம் என்று பேசுகிறார்கள். பழைய பாக்கியை யார் தலையில் எழுதுவது என்பதைத்தான் கடைசியில் வைக்கிறார்கள். நாம் அதை முதலில் வைக்கச் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஊழியர் வேலை நிறுத்தல் சட்டத்தை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தெரிந்திருக்க வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்த இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, தொழில் ஆணையாளரின் முன் அனுமதி. மற்றது, தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கும் சம்மதம். நட்டம் என்று சொல்லி முதலாளி தன் இஷ்டத்துக்குப் பூட்டுப் போட முடியாது. அனுமதி இல்லாமல் மூடினால் நட்டஈடு கொடுக்கவோ வேறு வேலை கொடுக்கவோ ஆணையாளர் கட்டளையிடலாம்.

நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் வெளியான கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 2½ மாதச் சம்பளம். 6ஆம் வருடம் முதல் 14 வரை 2 மாதம். 15 முதல் 19 வரை 1½ மாதம். 20 முதல் 24 வரை 1 மாதம். 25 முதல் 34 வரை அரை மாதம். ஆகக் கூடிய தொகை முன்பு 12½ இலட்சமாக இருந்தது. 2021இல் 25 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

இதை நம் சம்பளத்தில் வைத்துப் பார்ப்போம். 20 வயதில் பேர் பதிந்து, இன்று 45 வயதில் 25 வருடச் சேவை முடித்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி அப்போது நாட் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது; அந்தத் தொகையிலேயே கணக்குப் பார்ப்போம். மாதம் 25 நாள் வேலை என்றால் 33,750 ரூபா.

சேவைக்காலப் பணம் என்னும் கிராஜுவிட்டி 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி வருடத்துக்கு 14 நாட் சம்பளம். 25 வருடத்துக்கு 350 நாள். அதாவது 4,72,500 ரூபா.

வேலை நிறுத்தல் நட்டஈடு மேலே சொன்ன கணக்கின்படி 43½ மாதச் சம்பளம். அதாவது 14,68,125 ரூபா.

இரண்டும் சேர்ந்தால் 19 இலட்சத்துக்கு மேல். இனி அந்த இரண்டாவது வழியைப் பாருங்கள்: "எழுத்தில் கொடுக்கும் சம்மதம்". தோட்டத்து ஒபிசில் ஒரு கடிதம் நீட்டுவார்கள். "விருப்பத்தோடு விலகுகிறேன்" என்று இருக்கும். சேவைக்காலப் பணத்தோடு இன்னும் ஒரு சிறு தொகை சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்வார்கள். அந்த ஒரு கையெழுத்தில் 14 இலட்சம் கரைந்து போகலாம். சேவைக்காலப் பணம் சலுகை அல்ல. அது ஏற்கனவே உழைத்துச் சேர்த்த கடன். அதைத் திருப்பித் தருவதற்கு நம்மிடமிருந்து இன்னொரு உரிமையை விலையாகக் கேட்பதை ஏற்க முடியாது.

காலக்கெடுவையும் மறக்கக் கூடாது. சட்டத்துக்கு மாறாக நிறுத்தினால் 6 மாதத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும். சேவைக்காலப் பணம் வேலை முடிந்து 30 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் பிந்தினால் 30 வீதம் மேலதிகக் கட்டணம். சேமலாப நிதியை ஒரு வருடத்துக்கு மேல் கட்டாமல் விட்டால் 50 வீதம். "பிறகு பார்ப்போம்" என்று துரை சொல்லும் ஒவ்வொரு மாதமும் நம் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஓட்டைகள் எங்கே?

முதல் ஓட்டை: மேற்சொன்ன 1971ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கூட்டுத்தாபனங்களுக்குப் பொருந்தாது. தனியார் கம்பனித் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவருக்கு உள்ள பாதுகாப்பு, பக்கத்து மலையில் அரச சபையின் தோட்டத்தில் அதே கொழுந்தை எடுப்பவருக்கு இல்லை. அவர் தொழில் நியாயசபைக்குப் போகலாம். ஆனால் ஆணையாளரின் முன் அனுமதி என்ற காவல் அவருக்குக் கிடையாது. அரசாங்கம் முதலாளிக்கு விதித்த கட்டுப்பாட்டிலிருந்து தன்னையே விலக்கி வைத்திருக்கிறது.

இரண்டாவது ஓட்டை: ஒரு தொழில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது சேவைக்காலமும் தொழிலாளியோடு கூடவே போகும் என்று பொதுவாகச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. இந்தியாவில் 1950களிலேயே கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில் இதை எழுதிவிட்டார்கள். சேவை முறியாமல் தொடர வேண்டும், நிபந்தனைகள் குறையக் கூடாது, பின்னாளில் நிறுத்தினால் முழுச் சேவைக்கும் புதிய முதலாளியே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கைமாறும்போதே நட்டஈடு. நமக்கு அந்த வரி இல்லை. 30 வருடம் உழைத்தவரைப் புதிய கூட்டுக் கம்பனி "நேற்றுச் சேர்ந்தவர்" என்று பதிந்தால், அவர் வாழ்க்கையின் பெரும் பகுதி ஏட்டிலிருந்து அழிந்துவிடும்.

மூன்றாவது ஓட்டை: சேவைக்காலப் பணத்துக்கென்று கம்பனிகள் ஒவ்வொரு வருடமும் கணக்கறிக்கையில் ஒரு தொகையைக் கடனாகக் காட்டுகின்றன. அது ஏட்டில் இருக்கும் எண் மாத்திரம். பெட்டியில் காசு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின்படி, கம்பனியைக் கலைக்கும்போது சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் ஆகியவை முன்னுரிமைக் கடன்கள். நல்லது. ஆனால் கட்டடத்தையும் இயந்திரத்தையும் ஏற்கனவே வங்கிக்கு ஈடு வைத்திருந்தால், வங்கி தன் ஈட்டை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில்தான் அந்த முன்னுரிமை. காணியோ அரசுடையது, விற்க முடியாது. மிஞ்சுவது பழைய ரோதையும் துருப்பிடித்த தகரமும் என்றால், வரிசையில் முன்னால் நின்று என்ன பயன்?

அந்த 10 வீதப் பங்கைச் சொல்லி "நீங்களும் சொந்தக்காரர்தானே" என்று யாராவது வந்தால் ஏமாறாதீர்கள். கம்பனி கலையும்போது பங்குக்காரர் வரிசையின் கடைசியில் நிற்பவர். தொழிலாளியாகக் கேட்டால் முன் வரிசை. பங்காளியாகக் கேட்டால் கடைசி வரிசை.

இன்னும் ஒரு தந்திரம் பரவி வருகிறது. மலையைத் துண்டாகப் பிரித்துக் கொடுத்து, "இனி நீங்கள் தொழிலாளி அல்ல, வருமானப் பங்காளி" என்கிறார்கள். செக்ரோலில் பேர் இல்லாதவருக்குச் சேமலாப நிதி இல்லை, சேவைக்காலப் பணம் இல்லை, நட்டஈடும் இல்லை. கம்பனி மூடும்போது அவருக்குக் கொடுக்க ஒன்றுமே இருக்காது. மூடுவதற்கு முன்பே செய்து முடிக்கும் மூடல் இது.

மாஞ்சோலையைப் பாருங்கள்

குத்தகை முடியும்போது என்ன நடக்கும் என்பதை அறிய 2045 வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலை இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு. பம்பாய் பர்மா கம்பனியின் தேயிலை. 1999 ஜூலை 23இல் அந்தத் தொழிலாளருக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் பொலிஸ் நடவடிக்கையால் தாமிரபரணி ஆற்றில் 17 உயிர்கள் போயின. குத்தகை 2028இல் முடிய வேண்டும். கம்பனி அதுவரை காத்திருக்கவில்லை. 2024 ஜூனில் விருப்ப ஓய்வுக் கடிதங்களை வாங்கிக்கொண்டு வேலையை நிறுத்தியது. கொடுப்பனவின் பெரும் பகுதி வீட்டைக் காலி செய்த பிறகே என்றார்கள். அரசாங்கத்தின் தேயிலைக் கழகமான டான்டீ தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ஏற்கவில்லை.

டான்டீயே நம்மவர்களுக்காக உண்டானது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்த மலைகளிலிருந்து கப்பலேறியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய திட்டம் அது. அங்கேயும் 2022இல் 2,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை வனத் திணைக்களத்துக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவு வந்தது.

இதிலிருந்து இரண்டு பாடம். கம்பனி குத்தகை முடியும் வரை நிற்காது. இலாபம் முடியும் வரைதான் நிற்கும். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. ஒன்றை அறுத்தால் மற்றதும் விழும். நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புச் சட்டப்படி, வேலை போனதற்காக மட்டும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒருவரை லயத்திலிருந்து வெளியேற்ற முடியாது. "சாவியைத் தா, காசைத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

எதிர்வாதம்

"பாக்கியையெல்லாம் தலையில் கட்டினால் எந்த முதலீட்டாளர் வருவார்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி போலத் தெரியும். ஆனால் 1992இல் தோட்டங்கள் கைமாறியபோது, அதற்கு முந்திய சேவைக்கான சேவைக்காலப் பணப் பொறுப்பையும் புதிய கம்பனிகள் ஏற்றுத்தான் வந்தன. ஏற்றும் வந்தார்கள், பங்கும் வாங்கினார்கள். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? முதலீட்டாளருக்குப் பாரம் அதிகம் என்றால் அரசாங்கம் குத்தகைப் பணத்தில் கழித்துக் கொடுக்கட்டும். பாக்கி வைத்ததும் அரசாங்க சபைகள்தானே? யார் கொடுப்பது என்று அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும். "யாருமே கொடுப்பதில்லை" என்ற மூன்றாவது ஏற்பாட்டை மட்டும் நாம் ஏற்க மாட்டோம்.

"நட்டம்" என்பதும் உண்மையாக இருக்கலாம். தேயிலை விலை விழும், மழை பொய்க்கும், உர விலை ஏறும். ஆனால் சேமலாப நிதிக்காகக் கழித்த 8 வீதம் கம்பனியின் காசே அல்ல. அது நம் காசு. அடுத்தவர் காசை எடுத்துச் செலவழித்துவிட்டு நட்டம் என்று சொல்வதற்கு வேறு பெயர் இருக்கிறது.

நம் கோரிக்கைகள்

ஒன்று: எந்தத் தோட்டமும் கைமாறும் முன், ஒவ்வொரு தொழிலாளியின் சேவைக்காலத்தையும் பாக்கியையும் எழுதி, தொழில் திணைக்களம் உறுதிப்படுத்திய பத்திரத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

இரண்டு: குத்தகை ஒப்பந்தத்திலேயே சேவைத் தொடர்ச்சி எழுதப்பட வேண்டும். குத்தகைக்காரர் போனால் பாக்கிக்குக் காணிச் சொந்தக்காரரான அரசு பொறுப்பு.

மூன்று: சேவைக்காலப் பணத்தை ஏட்டில் காட்டினால் போதாது; தனி நிதியத்தில் கட்ட வேண்டும்.

நான்கு: வேலை நிறுத்தல் சட்டம் அரச கூட்டுத்தாபனத் தோட்டங்களுக்கும் பொருந்தும்படி திருத்தப்பட வேண்டும்.

ஐந்து: திறைசேரி தன் 'தங்கப் பங்கை' இந்தக் கடனைக் காப்பாற்றப் பயன்படுத்த வேண்டும்.

இவை வரும் வரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், கட்டி வையுங்கள். சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று வருடம் ஒருமுறை தொழில் அலுவலகத்தில் பாருங்கள். பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். வாசிக்கத் தெரியாத கடிதத்திலோ, தெரியாத மொழியில் எழுதிய கடிதத்திலோ கையெழுத்தும் கைநாட்டும் வைக்காதீர்கள். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் தோட்டத் தலைவரிடமும் தலைவியிடமும் காட்டுங்கள். தொழிற்சங்கங்கள் கொடி நிறத்தை மறந்து இந்த ஐந்து கோரிக்கைகளுக்காவது ஒரே மேசையில் உட்கார வேண்டும். கம்பனி மூடும்போது அது எந்தச் சங்கத்து அங்கத்தவர் என்று பார்த்து மூடப் போவதில்லை.

ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் கோவிந்தன் சுடப்பட்டார். அன்று கேட்டது சில சத உயர்வுதான். இன்று நாம் கேட்பது உயர்வுகூட அல்ல. ஏற்கனவே உழைத்து முடித்த வருடங்களின் காசு. அடுத்த மாதச் சந்தா நாளில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பாக்கிப் பட்டியலைத் தயாரித்துக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டியல் நம் கையில் இருந்தால், கம்பனிக் கதவு மூடினாலும் கணக்கு திறந்தே இருக்கும்.